அந்தப் பிழைக்குத் தாமுவின் பெயரை வைத்தது யார்?

சார், லாக் கோப்பை அழித்தது நீங்கள்தான். தாமு இல்லை, மண்டபத்து மேனேஜர் இல்லை, வைரஸும் இல்லை. நீங்கள்.

சென்ற ஆண்டு நம் அலுவலக மலரில் நீங்கள் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். செங்கல்பட்டு மண்டபத்துக் கதை. ஒரு புரோகிராமர் அலட்சியமாக எழுதிய ஸ்கிரிப்டால் ஒரு கல்யாணமே நாறிப்போக இருந்தது, அப்போது டீம் லீடராக இருந்த நீங்கள் உடனே ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்லி நிறுவனத்தின் மானத்தைக் காப்பாற்றினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் புதியவர்களுக்குப் புத்திமதி வேறு: முதலில் ரீஇன்ஸ்டால், பிறகுதான் கேள்வி. படித்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் தோசை கரிந்தது. அந்தத் தோசைக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

இந்த ஆண்டு மலருக்கு என்னிடம் கேட்டார்கள். "ஓய்வு பெற்றவர்களின் பணி அனுபவம், சுவையாக, இரண்டு பக்கத்துக்கு மிகாமல்" என்றார்கள். மிகும். வெட்டினால் அலுவலகத்துக்கு நேரில் வருவேன்.

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. கச்சேரிக் குழுக்களுக்கும் ரெக்கார்டிங் அறைகளுக்கும் மண்டபங்களுக்கும் நாம் விற்பது பாட்டு மென்பொருள். அதற்குள் ஸ்கிரிப்டுகள் ஓடுகின்றன: இன்ன நேரத்தில் இதை வாசி, இன்ன விசையை அழுத்தினால் அதை வாசி என்று. ஒவ்வொரு ஸ்கிரிப்டும் தான் செய்ததையெல்லாம் நேரம் போட்டு, வரி எண் போட்டு ஒரு கோப்பில் எழுதிவைக்கும். அதுதான் லாக். வாடிக்கையாளர் போனில் சொல்வது அவர் நினைத்துக்கொண்டிருப்பது. லாகில் இருப்பது நடந்தது. ரீஇன்ஸ்டால் செய்தால் அந்தக் கோப்பு போய்விடும். நோயாளி வந்ததும் முதல் வேலையாகக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு அனுப்பிவிட்டு, நோய் போய்விட்டது என்று சொல்கிற வைத்தியரிடம் நீங்கள் போவீர்களா? மாட்டீர்கள். பிறகு ஏன் அதையே செய்கிறீர்கள்?

லாகில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு ரெக்கார்டிங் அறை. பக்திப் பாட்டு கேசட் போடுகிறவர் நடத்தினார். தினமும் ஒரு தடவை மென்பொருள் நின்றுவிடுகிறது என்று புகார். லாகிலிருந்து அவர் போனில் படித்த நேரங்கள்: திங்கட்கிழமை எட்டு இருபத்தைந்து. செவ்வாய் மூன்று ஐம்பத்தைந்து. புதன் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. வெள்ளி பதினொன்று இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்பதில்லை. இரண்டு வாரம் நாங்கள் வெயில், கரண்ட், உப்புக்காற்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். முழு லாகையும் ஃப்ளாப்பியில் எடுத்துவரலாம் என்று நான் நேரில் போனேன். அங்கே சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைய தாளில் ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. அப்போது மணி பத்து இருபத்தைந்து. உரிமையாளர் ரெக்கார்டிங்கை அழுத்தினார். உடனே நிறுத்திவைக்கும் விசையை அழுத்தினார். எல்லோரும் டீ குடிக்க எழுந்தார்கள்.

"ஏன் சார் நிறுத்துனீங்க?"

"ராவுகாலம் வருது மேடம். அதுல புதுசா ஒண்ணும் ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பிச்சு வெச்சிட்டோம்னா தோஷம் இல்ல. பன்னெண்டுக்கு வந்து தொடர்ந்துக்குவோம்."

நிறுத்திவைத்த ரெக்கார்டிங் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்காமல் செத்துப்போகும்படி நாம்தான் எழுதியிருந்தோம். ராகுகாலம் ஒன்றரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அவ்வளவுதான் விஷயம். திரும்பி வந்து தாமுவிடம் சொன்னபோது அவன் நாற்காலியிலேயே சரிந்து சிரித்தான்.

"யக்கா, இதுக்கா ரெண்டு வாரமா மண்டைய ஒடைச்சிகினு இருந்தோம்? அவரு மிசினுக்கே ராவுகாலம் பாக்கக் கத்துக் குடுத்துகினு கீறாரு."

அன்றே காத்திருக்கும் நேரத்தை இரண்டு மணியாக்கினான். நம் ஊரில் ஒரு பிழை நாளுக்கொரு நேரம் வந்தால் முதலில் காலண்டரைப் பாருங்கள்.

தாமு என்கிற தாமோதரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவிடந்தைக்காரன். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். பட்டம் கிடையாது. புத்தகம் வாங்கிப் படித்துத் தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவன். நம் மென்பொருளில் தாளம் தப்பாமல் இருப்பதற்கு அவன்தான் காரணம். டீம் லீடருக்கு அவனைப் பிடிக்காது. பட்டம் இல்லாதவன் எழுதுவது ஓடுகிறதே என்பதே அவருக்குப் பெரிய பிழையாகத் தெரிந்தது. எப்போது அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்றால் சார் இப்போது மறுக்கட்டும்.

இனி மண்டபம். இரண்டாயிரத்துக்குப் பிறகு. நாவலூரில் ஒரு வீட்டு மாடியில் நம் அலுவலகம். கீழே வீட்டுக்காரர் மாடு கட்டியிருந்தார். வாடிக்கையாளர் போனில் "அங்க இன்னா சத்தம்?" என்று கேட்டால் புது இசைக்கருவியைச் சோதிக்கிறோம் என்போம்.

செங்கல்பட்டில் ஒரு மண்டபத்துக்கு நம் மென்பொருளைக் கொடுத்திருந்தோம். தனியாக மேளக்காரர்களை வைத்துக்கொள்ளாத சிறிய கல்யாணங்களுக்கு, பதிவு செய்த நாதஸ்வரம், தவில் எல்லாம் கம்ப்யூட்டரிலிருந்தே வரும். மணமேடைக்கு மேலே சிவப்பு எண்களில் மணி காட்டும் போர்டு. அதுவும் அதே கம்ப்யூட்டரில் இணைந்தது. மண்டபத்து மேனேஜர் ஏகாம்பரம், தனக்கு ஒரே ஒரு விசைதான் வேண்டும், இரண்டு இருந்தால் குழம்பிவிடுவேன் என்றார். அதனால் ஒரு விசை. முகூர்த்த நேரத்துக்குள் அழுத்தினால் கெட்டிமேளம். முகூர்த்தம் முடிந்தபின் அழுத்தினால் பந்திக்கு வரச்சொல்லி அறிவிப்பு. அந்த அறிவிப்புக் குரல் என்னுடையது. சின்ன நிறுவனம். பெண் குரல் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

நான்கு மாதம் ஒரு புகாரும் இல்லை. தாமு ஒரு புதிய பதிப்பு அனுப்பினான். இரண்டு வாரம் கழித்து ஏகாம்பரம் போன் செய்தார்.

"மேடம், உங்க பெட்டி மேளம் அடிக்கல. எல்லாரையும் சாப்பிடக் கூப்டுச்சு."

"சரி, எப்ப?"

"தாலி கட்டச்சொல்ல."

அவர் தொடர்ந்தார்.

"ஐயரு 'கெட்டிமேளம், கெட்டிமேளம்'னு கைய ஆட்டுறாரு. நான் அழுத்துறேன். 'அன்புடையீர், முதல் பந்தி தயார், பெரியவர்களும் குழந்தைகளும் முதலில் வரவும்'னு உங்க கொரலு வருது. காலைல அஞ்சு மணிலேர்ந்து உக்காந்துகினு இருக்கிற சனம் மேடம். அட்சதைய அப்டியே கையில வெச்சிகினு எழுந்துச்சு. மாப்ள தாலிய கையில புடிச்சிகினு திரும்பிப் பாக்குறாரு, எதுக்க நாற்காலிங்க மட்டும்தான் கீது. தாலி கட்டுனதப் பாத்தது ஐயரு, வீடியோக்காரரு, நானு. மாப்ளயோட சொந்த மாமனே பந்தில எலை போட்டு உக்காந்துட்டாரு."

இப்போது நீங்கள் சிரிப்பீர்கள். அன்று நானும் சிரித்தேன், போனை வைத்த பிறகு. சிரிப்பு நிற்கும் முன்பே டீம் லீடர் வந்து, முதலாளியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். மண்டபத்துக்குச் சொந்தக்காரருக்கு இன்னும் நான்கு மண்டபங்கள் இருந்தன. அவற்றுக்கும் நம் மென்பொருளை வாங்குவதாக இருந்தார். "புது வெர்ஷன் எழுதினது தாமு. வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலைன்னா அவனை அனுப்பிடலாம்னு முதலாளியே சொல்லிட்டார்" என்றார். அன்று செவ்வாய். தாமுவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். அவன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மாடு மட்டும் கத்தியது.

நான் மண்டபத்துக்குப் போன் செய்து ஏகாம்பரத்திடம் லாகைத் திறந்து படிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் கழித்துக் கூப்பிடுங்கள் என்றார். கூப்பிட்டேன். நிதானமாகப் படித்தார். இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பதினாறு.

"நடுவுல நாலு வரி எங்க?"

"அது வேணாம் மேடம்."

"ஏன் வேணாம்?"

"நல்ல வார்த்த இல்ல."

"பரவால்ல, படிங்க."

"மேடம், நான் மணமேடையாண்ட நின்னுகினு கீறேன். உள்ள பொண்ணுக்கு நலங்கு நடக்குது. 'ஃபேட்டல்'னு போட்டு கீது. ரோட்டுல லாரி மோதுனா பேப்பர்ல போடுவாங்களே, அந்த வார்த்த. இன்னொண்ணுல 'டெட்'டுனு கீது. இத வாயால சொல்லுவாங்களா?"

"சரி, அந்த ரெண்டு விடுங்க. மத்த ரெண்டு?"

"அதுவும் வேணாம்."

"அதுவும் கெட்ட வார்த்தையா?"

"அது மண்டபத்து ரகசியம் மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லாகை ஒருபோதும் வாய்மொழியாக வாங்காதீர்கள். படிக்கிறவருக்கு வெட்கம் இருக்கும், பயம் இருக்கும், வீட்டில் விசேஷம் இருக்கும். கோப்பாக வாங்குங்கள். கொடுக்கத் தெரியவில்லை என்றால் நேரில் போங்கள். கோபம் வந்தால் போகும் வழியில் பஸ்ஸில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை போகிறேன் என்று டீம் லீடரிடம் சொன்னேன். "போங்க, போங்க" என்றார். அவ்வளவு இனிமையாக அவர் அதற்கு முன் பேசியதில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேளம்பாக்கம் வரை ஒரு பஸ், அங்கிருந்து திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு இன்னொன்று. மண்டபத்தில் அன்றும் கல்யாணம். ஏகாம்பரம் சந்தனக் கிண்ணத்தோடு வாசலிலேயே நின்றார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் நான்கு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா.

"வாங்க மேடம். எல்லாம் சரியாய்டுச்சு."

"என்ன சரியாயிடுச்சு?"

"நேத்து சாயந்தரம் உங்க சார் போன் பண்ணாரு. எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடியும் போடச் சொன்னாரு. நீங்க மொத மொத குடுத்த சி.டி.ய வெச்சுப் போட்டேன். இப்ப புதுசாட்டம் கீது."

கம்ப்யூட்டரைப் பார்த்தேன். லாகில் மூன்று வரிகள் இருந்தன. மூன்றும் அன்று காலையில் எழுதியவை. நான் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மாள் நான் பெண் வீட்டுக்காரி என்று நினைத்து ரோஸ்மில்க் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். சிவப்பு போர்டில் மணி ஒன்பது ஐம்பது. என் கைக்கடிகாரத்தில் பத்து பதினைந்து. என் கடிகாரம் முன்னால் ஓடிவிட்டதா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். அவர் போர்டைக் காட்டி, "அதான் மேல போட்டுகிறானே" என்றார். மேடையில் ஐயர் அவசரமில்லாமல் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். முகூர்த்தம் ஒன்பது முதல் பத்தரை. சரியாகப் போர்டு பத்து இருபதைத் தொட்டபோது ஏகாம்பரம் கம்ப்யூட்டர் அருகே போனார். சுற்றிப் பார்த்தார். இரண்டு விசைகளை அழுத்தினார். போர்டில் மணி ஒன்பது ஐம்பத்தைந்தானது. நானூறு பேர் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. நான் எழுந்து போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இதுதான் மண்டபத்து ரகசியமா?"

அவர் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் வெட்கப்படவில்லை. என்னை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"மேடம், எந்தக் கல்யாணத்துல நேரத்துக்குத் தாலி கட்டுறாங்க? சம்மந்தி கோச்சிப்பாரு, மாலை வராது, ஐயரு வேற கல்யாணத்துலேர்ந்து வரணும். முகூர்த்தம் தாண்டிட்சின்னு வெச்சிக்கோங்க, நாளைக்கு அந்தப் பொண்ணுக்குத் தலவலி வந்தாக்கூட 'நேரந்தப்பிக் கட்டுனது'ன்னுவாங்க. நான் கடியாரத்தப் பின்னால தள்ளுறேன். ரெண்டு குடும்பமும் நிம்மதியா வூட்டுக்குப் போவுது. இதுல இன்னா தப்பு?"

எனக்கு வேறு கேள்வி இருந்தது. "இதை யார் உங்களுக்குக் கத்துக்கொடுத்தது?"

"உங்க சார்தான். மொத மொத டெமோ காட்ட வந்தாரே, அன்னிக்கி. 'நேரம் பத்தலன்னா இத அழுத்துங்க, வேற எந்தக் கம்பெனிக்காரனும் இத தரமாட்டான்'னாரு. அத வெச்சித்தான் எங்க மொதலாளி வாங்கவே ஒத்துகினாரு."

இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். சில மண்டபங்களில் கம்ப்யூட்டர் கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்து மணி கண்டபடி ஓடியது. அதனால் தாமு புதிய பதிப்பில் கடிகாரத்தை நம்பாமல், முகூர்த்தம் தொடங்கியதிலிருந்து நிமிடங்களை எண்ணும்படி ஸ்கிரிப்டை மாற்றியிருந்தான். நியாயமான வேலை. ஒருவர் வேண்டுமென்றே கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. போர்டில் முகூர்த்தம் இருந்தது. எண்ணிக்கையில் முடிந்துவிட்டது. ஏகாம்பரம் விசையை அழுத்தினார். நான் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். இந்தத் தந்திரம் தெரிந்த ஒரே ஆள் நம் அலுவலகத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தார், லாகையும் அழிக்கச் சொன்னார்.

ஆனால் வாய்ச்சொல்லை வைத்து என்ன செய்வது? லாக் போய்விட்டது. நான் கிளம்பினேன். வாசல்வரை வந்த ஏகாம்பரம், "அந்தப் பேப்பர இன்னா பண்ணட்டும் மேடம்? குப்பைல போட்டுடவா?" என்றார்.

"எந்தப் பேப்பர்?"

"நேத்து போன்ல படிச்சனே, அதுதான். திரையில பாத்தா எனக்குக் கண்ணு கூசுது. பிரிண்ட் எடுத்தேன். கொஞ்சமா எடுக்கத் தெரியல, மொத நாள்லேர்ந்து எல்லாம் வந்துச்சு."

முப்பத்தெட்டுப் பக்கம். கல்யாணப் பெயர்ப்பலகை அச்சடிக்கிற பிரிண்டரில் எடுத்தது. அதைவிட ஒன்று: தவறிக்கூட வாயில் வந்துவிடக்கூடாது என்று, சொல்லக் கூடாத வரிகளையெல்லாம் அவர் முன்கூட்டியே ஸ்கெட்ச் பேனாவால் அடித்துவைத்திருந்தார். மங்கல காரியம் நடக்கும் இடத்தில் கறுப்பு ஆகாது என்று மஞ்சள் ஸ்கெட்சால் அடித்திருந்தார். எனக்கு வேண்டிய ஒவ்வொரு வரியும் முப்பத்தெட்டுப் பக்கத்திலும் மஞ்சளாக மின்னியது. நான் தேடவே வேண்டியிருக்கவில்லை.

முதல் பக்கத்தில் ஒன்பதாவது வரி: கடிகாரம் இருபது நிமிடம் பின்னால் மாற்றப்பட்டது, பயனர் 'டெமோ'. அந்தப் பெயரில் உள்ளே நுழையும் கடவுச்சொல் நம் நிறுவனத்தில் ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலை முதலாளியின் மேசைமேல் பேப்பரை வைத்தேன். டீம் லீடர் இருந்தார், தாமு இருந்தான். முதலாளி பக்கம் பக்கமாகப் புரட்டினார். டீம் லீடர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நிமிர்ந்து சொன்னது இதுதான்:

"நல்ல ஐடியாவா இருக்கே. இதுக்குன்னே ஒரு பட்டன் வெச்சா என்ன?"

நம் மண்டபப் பதிப்பில் இன்றும் 'சற்றுப் பொறு' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதன் வரலாறு இது. அதை எழுதியவன் தாமு. அதற்காக அந்த ஆண்டு பாராட்டுச் சான்றிதழ் வாங்கியவர் டீம் லீடர். மென்பொருள் செத்தால் லாகில் 'ஃபேட்டல்' என்று எழுதாமல் 'மங்களம்' என்று எழுதும்படி மாற்றியவனும் தாமுதான். ஏகாம்பரம் தயங்காமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதற்காக.

கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்று மதியமே, முதலில் புகார் வந்த அந்தக் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். பொத்தேரிப் பக்கம் விவசாயக் குடும்பம். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது. நான் உட்காரச் சொன்னேன். என் குரலைக் கேட்டதும் அப்படியே நின்றார்.

"நீதானாம்மா அது? பந்திக்குக் கூப்டது?"

"ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்வது.

"கொரலு நல்லாத்தான் கீது. எம் பொண்ணு கல்யாணத்துலதான் கூப்டணுமா? முப்பது வயசு வரைக்கும் வரன் தகையல. திருவிடந்தைல பெருமாளுக்கு மாலை வாங்கிப் போட்டுகினு ஒம்போது சுத்து சுத்துனா. அதுக்கப்புறம் வந்த வரன்மா." அவர் உட்கார்ந்தார். "சம்மந்தி வூட்ல இப்ப வேற பேச்சு. மேளத்துக்கு நேரம் முடிஞ்சதாலதான் மிசினு பந்திக்குக் கூப்டுச்சாம். அப்ப தாலி ஏறுனது முகூர்த்தத்துக்கு அப்புறமாம். உங்க பெட்டி எல்லாத்தையும் எழுதி வெக்குமாமே. அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. முகூர்த்தத்துக்குள்ளயா, இல்லையா?"

என் மேசை இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது. அதன்படி தாலி ஏறியது முகூர்த்தம் முடிந்து பதினொரு நிமிடம் கழித்து. நான் முப்பது ஆண்டு வேலை செய்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் லாகில் இருப்பதை மறைத்ததில்லை. அன்று அவரிடம் கேட்டேன்:

"தாலி கட்டும்போது போர்டுல மணி என்ன காட்டிச்சு?"

"ஏழு பதினாறு. வீடியோவுல கூட விழுந்து கீது."

"முகூர்த்தம் எது வரைக்கும்?"

"ஏழரை."

"அப்புறம் என்னங்க? நீங்க போங்க. எங்க பெட்டிதான் கோளாறு."

"எழுதிக் குடுப்பீங்களா?"

டீம் லீடர் போனை எடுத்து யாருக்கோ டயல் செய்தார். கோளாறு என்று எழுதி யார் கையெழுத்துப் போடுவது? தாமு எழுந்து வந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். ஸ்கிரிப்டில் என் பிழையால் அறிவிப்பு தவறான நேரத்தில் வந்தது, தாமோதரன், என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தான். அவர் அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவன் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

"ஏண்டா இப்படி எழுதின?" என்று கத்தினேன்.

"எங்க ஊரு பெருமாளாண்ட ஒம்போது சுத்து சுத்துன பொண்ணு யக்கா. நம்ம பேரு கெட்டா கெட்டுட்டுப் போவுது, இன்னா இப்ப? ஆபீசுல இருக்கிறவங்களுக்கு உண்மை தெரியும் இல்ல?"

அப்போது டீம் லீடர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ் ரெக்கார்டுல உண்மை இருக்கும் தாமு. இந்தப் பேப்பரை நானே ஃபைல்ல வெக்கிறேன்" என்றார். முப்பத்தெட்டுப் பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் அந்த ஃபைலை யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். ஏகாம்பரம்தான் சொன்னார். இனி எந்த முகூர்த்தமும் அவர்களை ஒன்றும் செய்யாது. அதனால் இதை எழுதலாம்.

நம் அலுவலகத்தில் இன்றும் ஒரு அறிவிப்பு தவறான நேரத்தில் வந்தால், புதிய பிள்ளைகள் அதைத் 'தாமு பிழை' என்கிறீர்கள். தாமு யார் என்று தெரியாமலே சொல்கிறீர்கள். மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோடும் சண்டை போடாமல் உட்கார்ந்திருப்பவர்தான் தாமு. இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். சென்ற ஆண்டு மலரை அவர் படித்தார். என்னிடம் "உடு யக்கா" என்று மட்டும் சொன்னார். நான் விடமாட்டேன். அவர் அந்தப் பெயரோடு வீட்டுக்குப் போகக் கூடாது.

சார், நீங்கள் பேப்பரை வாங்கிக்கொண்டு போகும் முன்பே நான் கீழே ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்துவிட்டேன். மஞ்சள் ஜெராக்ஸில் விழாது. எழுத்து மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கு அதைக் கொண்டுவருகிறேன். தனியாக வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். தாமுவிடமும் தனியாகப் பேச வேண்டாம். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது மேடைக்கு வாருங்கள். முதல் பக்கத்தை மைக்கில் படியுங்கள். ஒன்பதாவது வரியில் வரும் பயனர் யார், அந்த லாகை அழிக்கச் சொல்லிச் செவ்வாய்க்கிழமை சாயந்தரம் போன் செய்தது யார், அந்தப் பிழைக்கு இனி யார் பெயர் என்று நீங்களே சொல்லுங்கள். நல்ல நாளும் அதுவுமாக என்று ஒரு வரியையும் தாண்டக் கூடாது.